1/25 அளவில் 1932 ஃபோர்டு மூன்று சன்னல் கூபே: 1948ஆம் ஆண்டின் ஹாட் ராடாகக் கட்டுவது எப்படி?

#1 – மூன்றுசன்னல்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த 1/25 அளவு 1932 ஃபோர்டு மூன்று சன்னல் கூபே (கூரையுள்ள இருகதவுக் கார்) பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒருவழியாக வெளியே எடுத்துவிட்டேன். பெட்டியில் உள்ளபடியே கட்டினால் டிஸ்க் பிரேக், அகலமான டயர், பெரிய அலாய் சக்கரம், பிற்காலத்து எஞ்சின் ஆகியவற்றோடு பளபளவென்று ஒரு ஸ்ட்ரீட் ராட் வரும். நான் கட்ட நினைப்பது அதுவன்று; ஹாட் ராட், அதாவது வேகத்துக்காகக் கைவேலையால் மாற்றிய பழைய கார். போர் முடிந்து வீடு திரும்பிய ஓர் இளைஞன், தெற்குக் கலிஃபோர்னியாவில் ஏதோ ஒரு வீட்டுக் கொட்டகையில், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உதிரிகளைக் கொண்டு தன் கையாலேயே உருவாக்கி, ஞாயிற்றுக்கிழமை எல் மிராஜ் வறண்ட ஏரியில் நடக்கும் வேகப் பந்தயத்துக்கு ஓட்டிச் சென்றிருக்கக்கூடிய கார் எனக்கு வேண்டும். ஆண்டு 1948 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு மட்கார்டுகளையும் பக்கப் படிகளையும் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டேன். பாடி சேசிஸின் மேலேயே உட்காரும், அதாவது ஹைபாய். 1932 ஃபோர்டின் சேசிஸ் ஓரத்தில் அழுத்தி எடுத்த அழகான வளைகோடு ஒன்று உண்டு என்பதால், மட்கார்டைக் கழற்றிய பின்னும் அந்தக் கார் மூளியாகத் தெரிவதில்லை. 'டியூஸ்' என்று செல்லப்பெயர் வாங்கிய அந்த ஒரே ஆண்டு மாடல் இத்தனை பேரைக் கவர்ந்ததற்கு அந்தக் கோடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மூன்று ஐயங்கள் உள்ளன. கூரையை எவ்வளவு தாழ்த்தலாம்? எஞ்சினுக்கு ஃபிளாட்ஹெட் வி8 (வால்வுகள் பிளாக்கிலேயே உள்ள பழைய ஃபோர்டு எஞ்சின்) ரெசின் வார்ப்பு ஒன்று தனியாக வாங்கியிருக்கிறேன், அது பொருந்துமா? கிட்டில் வந்த குரோம் பாகங்களை அப்படியே பயன்படுத்தலாமா?

#2 – பழையசக்கரம்

நல்ல தேர்வு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த காரை மாடல் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலம் இருக்கிறது. ஹாட் ராடுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொருவனும் கைக்குக் கிடைத்ததை மாட்டினான். அதனால் 'எதை வேண்டுமானாலும் மாட்டலாம்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். மூலம் இல்லாத இடத்தில் நம்மைக் கட்டுப்படுத்துவது தேதி ஒன்றுதான். அந்த நாளில் அந்தப் பாகம் உலகத்தில் இருந்ததா, இருந்திருந்தாலும் ஒரு மெக்கானிக் பையனுக்குக் கிடைத்திருக்குமா என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வோர் உதிரியிடமும் கேட்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பார்த்தால், 1932 ஃபோர்டில் இருந்தது கம்பிகளால் இயங்கும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். எனவே 1948இல் உங்கள் இளைஞன் பழைய இரும்புக் கடையில் 1939 அல்லது 1940 ஃபோர்டின் டிரம் பிரேக்குகளைத் தேடிப் பிடித்து மாட்டியிருப்பான். 18 அங்குலக் கம்பிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 16 அங்குல எஃகுச் சக்கரங்களைப் போட்டிருப்பான். பின்னே 7.00-16, முன்னே 5.50-16 டயர் என்றால் விட்டத்தில் ஏறத்தாழ 3 அங்குல வேறுபாடு வரும். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் அந்த நிலை பாதி இந்த டயர்களாலும், மீதி வளைத்துத் தாழ்த்திய முன் அச்சாலும் வருவது. முகப்பு விளக்குகளுக்கு 1940இல் வந்த 7 அங்குல சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒரே மூடிய அலகாக உள்ள விளக்கு) சரியாக இருக்கும். ஸ்டியரிங் சக்கரம் 1940 ஃபோர்டுடையதாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் காலத்துப் பையன்கள் பலர் விரும்பி மாட்டியது அதைத்தான்.

#3 – உப்புத்தாள்

கூரையைப் பற்றி நான் சொல்கிறேன்; இதுவரை நான்கு கூரைகளை அறுத்திருக்கிறேன், அவற்றில் இரண்டு உருப்பட்டன.

1/25 அளவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ.; அதை 25ஆல் வகுத்தால் 1.016 மி.மீ. ஆகவே உண்மைக் காரின் ஓர் அங்குலத்தை மாடலின் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். 3 அங்குலம் தாழ்த்த 3 மி.மீ. எடுக்க வேண்டும். தெருவில் ஓட்டும் காருக்கு இது போதும். அதற்கு மேல் போனால் சன்னல் தபால் பெட்டியின் வாய் போல ஆகிவிடும்.

சிக்கல் அறுப்பதில் இல்லை, அறுத்த பின் வருகிறது. முன்கண்ணாடித் தூண்கள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்தவை. மேலே போகப்போகப் பக்கவாட்டிலும் உள்நோக்கி ஒடுங்குகின்றன. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டு மேல்பகுதியை நேராகக் கீழே இறக்கினால் தூணின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றையொன்று சந்திக்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு: கீழ்த் தூணை அடியில் லேசாகக் கீறிப் பின்னோக்கிச் சாய்த்து மேல்தூணோடு சேர்க்கலாம், அல்லது கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டலாம். சாய்ப்பது சுலபம், ஆனால் கதவுச் சட்டத்தின் கோணமும் கூடவே மாறிவிடும். நீட்டுவது கடினம், ஆனால் முடிவு நன்றாக இருக்கும்.

நீட்டுவதாக இருந்தால் ஒட்டை மறைக்க உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. 1932 ஃபோர்டு கூபேயின் கூரை முழுக்க எஃகால் ஆனதன்று. நடுவில் துணி போர்த்திய செவ்வகம் ஒன்று உண்டு. ஃபோர்டு முழு எஃகுக் கூரைக்கு மாறியது 1937இல். அறுவைக் கோட்டை அந்தத் துணிப்பகுதியின் நடுவே போகும்படி வைத்தால், ஒட்டின் பெரும்பகுதி மங்கிய கறுப்புப் பூச்சுக்குள் மறைந்துவிடும். இரு ஓரங்களிலும் உள்ள சிறு பட்டைகளை மட்டும் புட்டி வைத்துத் தேய்த்தால் போதும்.

அறுப்பதற்கு முன் மாஸ்கிங் டேப்பை இரண்டு கோடுகளாகச் சுற்றி ஒட்டி, டேப்பின் ஓரத்தையே ரம்பத்துக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

#4 – மூன்றுசன்னல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அறுத்துவிட்டேன், சிறிது அழவும் செய்தேன்.

டேப்பை 3 மி.மீ. இடைவெளியில் ஒட்டியது சரிதான். ஆனால் ரம்பத்தை இரண்டு கோடுகளுக்கும் வெளிப்புறமாக ஓட்டிவிட்டேன். என் ரம்பம் ஒவ்வோர் அறுவையிலும் ஏறத்தாழ 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கைத் தூளாக்குகிறது என்பதை வெர்னியரை வைத்து அளந்தபோதுதான் உணர்ந்தேன். 3 மி.மீ. எடுக்க வேண்டிய இடத்தில் 3.6 மி.மீ. போய்விட்டது, உண்மைக் காரில் அது மூன்றரை அங்குலம். கூரையை வைத்துப் பார்த்தால், குடையை மடக்கித் தலையில் கவிழ்த்தது போல் இருந்தது. இறுதியில் நான்கு தூண்களின் வெட்டுமுகத்திலும் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒட்டி, காய்ந்த பின் தூணின் அகலத்துக்குச் சீவி எடுத்தேன். இப்போது 3.1 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூரையை நீட்டும் வழியையே பின்பற்றினேன். துணிப்பகுதி நடுவே அறுத்து 2 மி.மீ. பட்டை வைத்ததில் தூண்கள் சந்தித்துவிட்டன. திரவ சிமெண்ட் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவதால், இரண்டு நாள் காத்திருந்த பிறகே தேய்த்தேன்; அவசரப்பட்டால் ஒட்டு பின்னால் உள்வாங்கிப் பள்ளம் விழும் என்பதை முன்பு ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

எஞ்சினின் படத்தையும் இணைத்துள்ளேன். பார்த்துச் சொல்லுங்கள்.

#5 – ஏரிமண்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மன்னிக்கவும், இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது.

முதலாவது, எக்ஸாஸ்ட். வார்ப்போடு வந்த ஹெடரில், அதாவது புகைக்குழாய்த் தொகுப்பில், பக்கத்துக்கு நான்கு குழாய்கள் இருக்கின்றன. ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள் இருந்தாலும் புகை வெளியேறும் வாய்கள் மூன்றே. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களின் புகைவழிகளும் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே ஒன்றாகி ஒரே வாய் வழியாக வெளியே வருகின்றன. வால்வுகள் பிளாக்கின் நடுப்பள்ளத்தில் இருப்பதால், சூடான புகை சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து பிளாக்கைக் கடந்துதான் வெளிப்பக்கம் வர முடியும். அந்தச் சூடு முழுவதும் குளிர்நீரில் இறங்குவதால்தான் இந்த எஞ்சின் எளிதில் கொதிக்கும் என்று பெயரெடுத்தது. ரேடியேட்டருக்கு மேலே ஒன்றல்ல, இரண்டு குழாய்கள் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர் பம்புகள் அதற்கு உண்டு.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். உங்கள் வார்ப்பில் அது எஞ்சினின் முன் வலப்பக்கத்தில் நட்டுவைத்த கம்பம் போல் நிமிர்ந்து நிற்கிறது. அது 1949 மாடல் ஃபோர்டுக்கு வந்த 8பிஏ வகை. அதற்கு முந்தைய 59ஏபி போன்ற எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்முகத்தில், கேம்ஷாஃப்டின் நுனியிலேயே நேராகப் பொருந்தி, விசிறிக்குப் பின்னால் தாழ்வாகப் படுத்திருக்கும். சிலிண்டர் ஹெட்டைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும்: பழையதில் தண்ணீர் வெளியேறும் கழுத்து ஹெட்டின் நடுவில் இருக்கும், 8பிஏவில் முன்நுனிக்குப் போய்விட்டது.

#6 – மெருகெண்ணெய்

ஏரிமண் ஐயாவின் அறிவை மதிக்கிறேன். ஆனால் 1949 மாடல் ஃபோர்டு 1948 ஜூன் மாதத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எனவே 1948இல் அந்த எஞ்சின் இருந்தது என்பதை அவர் மறுக்க முடியாது. தவிர, கையளவு பொம்மையில், பானெட்டுக்கு அடியில், 4 மி.மீ. அகலமுள்ள ஒரு பாகம் முன்னே இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் யார்? நண்பர் கூரையை இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார். அவரை எஞ்சினில் மாட்டிவைத்தால் அடுத்த ஆண்டும் இந்தக் கார் முடியாது. இந்தப் பொழுதுபோக்கில் முடிக்காத மாடல்களே அதிகம் என்பது நம் எல்லாருடைய அலமாரிக்கும் தெரியும்.

#7 – ஏரிமண்

இருந்தது என்பது சரி. ஆனால் பழையசக்கரம் கேட்ட இரண்டாவது கேள்வியை நினைத்துப் பாருங்கள். ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கிய காரின் எஞ்சின் ஒரு பையனின் கைக்கு வர வேண்டுமானால், யாரோ ஒருவர் தம் புத்தம்புதுக் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதியிருக்க வேண்டும். நடக்காது என்று சொல்லவில்லை. நடந்ததாகக் காட்டினால் அந்தக் கதையையும் காரில் எங்காவது சொல்ல வேண்டியிருக்கும். 59ஏபி என்றால் எந்தக் கதையும் தேவையில்லை.

யார் பார்க்கப் போகிறார்கள் என்பதற்கு எனக்குப் பதில் இல்லை. நான் பார்ப்பேன்.

எஞ்சினைவிடப் பெரிய செய்தி ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 'எல் மிராஜ், 1948' என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1937இல் தொடங்கிய தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். முன்பு பந்தயம் நடந்த மியூராக் ஏரி ராணுவ விமானத் தளத்தின் வசம் போன பிறகு, போருக்குப் பின் அவர்களுடைய பந்தயங்கள் எல் மிராஜில் நடந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் கூபேக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது ரோட்ஸ்டர்களின், அதாவது திறந்த கார்களின், உலகம். கூரையுள்ள கார்களுக்கு இடம் தந்தது ரசெட்டா டைமிங் அசோசியேஷன். பியர்சன் சகோதரர்கள் முன்கண்ணாடியை வெகுவாகச் சாய்த்துக் கட்டிய 1934 ஃபோர்டு கூபே பெயர் வாங்கியது ரசெட்டா பந்தயங்களில்தான். ஆகவே உங்கள் காரில் எந்தச் சங்கத்தின் சின்னப் பட்டயம் ஒட்டப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

#8 – மூன்றுசன்னல்

நேற்றிரவே முதலாவது சங்கத்தின் டிகால் ஒட்டுப்படத்தை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட இருந்தேன். மின்சாரம் போனதால் பிழைத்தேன்.

கூரையை அறுத்தாகிவிட்டது, இனி இதை ரோட்ஸ்டராக்க முடியாது. எனவே கார் ரசெட்டா பந்தயத்துக்கே போகட்டும். அந்தச் சங்கத்தின் பட்டயத்தைச் சரியாக வரைய எனக்கு நல்ல படம் கிடைக்காததால், பட்டயமே இல்லாமல், கதவில் கையால் எழுதிய வெள்ளை எண் மட்டும் போடுகிறேன்.

எஞ்சினையும் மாற்றிவிட்டேன். நிமிர்ந்து நின்ற டிஸ்ட்ரிபியூட்டரைச் சீவி, குழியை ஸ்பிரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டால் அடைத்து, ஹெட்டின் முன்நுனிக் கழுத்துகளை வெட்டி நடுவில் ஒட்டினேன். ஹெடரைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1.6 மி.மீ. சாலிடர் கம்பியை வளைத்துப் பக்கத்துக்கு மூன்று குழாய்கள் செய்தேன். சாலிடர் கம்பி விரலாலேயே வளையும், திரும்ப நிமிராது. ஆனால் நகம் பட்டாலும் தழும்பு விழுகிறது. கடைசியில் பென்சிலில் சுற்றி வளைத்தேன்.

#9 – பழையசக்கரம்

குரோம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிட்டிலுள்ள குரோம், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் படலம். உண்மைக் குரோமைவிட அதிகமாக மின்னும். அச்சுக்கோடுகளையும் ஸ்பிரூவில் வெட்டிய தழும்பையும் அது மறைக்காது, காட்டிக்கொடுக்கும். துணிகளுக்கு வாங்கும் பிளீச் திரவத்தில் ஊறவைத்தால் அலுமினியம் கரைந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழிவறை கழுவும் அமிலத்தோடு அது ஒரு சொட்டும் சேரக் கூடாது, குளோரின் வாயு வெளிவரும். அலுமினியம் போன பின் அடியில் வழவழப்பான லாக்கர் படலம் ஒன்று மிஞ்சும். அதையும் எடுத்துவிட்டுக் கோடுகளைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயிண்ட்டை ஏர்பிரஷால் மிக மெல்லியதாகத் தெளியுங்கள். அடிக்கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோம் மின்னும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் குரோம் வேண்டாம். 1948இல் முலாம் பூசுவதற்குப் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் ஆளிடம் பணம் இருந்திருந்தால் அது இரண்டாவது ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டருக்குப் போயிருக்கும். விளக்கு வளையம், சில மூடிகள், போதும்.

#10 – உப்புத்தாள்

பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஐப்பசி அடைமழையில் லாக்கர் ஸ்பிரே அடித்து என் கறுப்பு ரோட்ஸ்டர் முழுவதும் சாம்பல் பூத்தது போல் வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயிண்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் அடிக்கும் முற்பகலில், ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துவிட்டு அடியுங்கள். கொதிநீரில் வைக்காதீர்கள்.

மெல்லிய பூச்சாக இருக்கட்டும். 0.1 மி.மீ. தடிமனுக்குப் பெயிண்ட் ஏறினால், உண்மைக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். கதவு இடுக்குகள் தூர்ந்துபோகும். பிரைமர் அடிக்கும் முன்பே அந்தக் கோடுகளைக் கத்தியின் முதுகால் ஒருமுறை ஆழப்படுத்திவிடுங்கள்.

#11 – மெருகெண்ணெய்

பெயிண்ட் என்று வந்துவிட்டதால் என் பெயருக்காகவாவது பேச வேண்டும். காய்ந்த லாக்கரை 3000, 6000 எண் தாள்களால் நீர் விட்டுத் தேய்த்துப் பிறகு மெருகேற்றலாம். பாடியின் முனைகளில் மட்டும் தேய்க்காதீர்கள். பெயிண்ட் முதலில் அறுந்துபோவது அங்கேதான். எஞ்சின் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் மூன்று குழாய் ஹெடரின் படத்தைப் பார்த்த பிறகு, என்னுடைய முடித்த மாடல் ஒன்றின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். நான்கு குழாய்கள். இனி அதைத் திறக்கப் போவதில்லை.

#12 – மூன்றுசன்னல்

அடர்நீலம் அடித்து, தேய்த்து, மெருகேற்றிவிட்டேன். கூரையின் துணிப்பகுதி மங்கிய கறுப்பு. ஒட்டு தெரியவில்லை, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இடது ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறது.

இப்போது ஸ்பார்க் பிளக் கம்பிகள். உண்மையில் 7 மி.மீ. தடிமன், 25ஆல் வகுத்தால் 0.28 மி.மீ. பழைய ஹெட்ஃபோன் ஒயரைப் பிரித்ததில் கிட்டத்தட்ட அதே தடிமனில் அரக்குப் பூச்சுள்ள செப்புக் கம்பி கிடைத்தது. 4 மி.மீ. வட்டில் 0.3 மி.மீ. டிரில்லால், கையாலேயே சுழற்றி, எட்டுத் துளைகள் போட்டேன்; டிரில் இரண்டு உடைந்தன. சிலிண்டர்கள் எரியும் 1-5-4-8-6-3-7-2 என்ற வரிசையை இதில் எப்படிக் காட்டுவது? வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8 என்பது வரை தெரியும்.

#13 – ஏரிமண்

அந்த வரிசை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தீர்ந்துவிடும் சங்கதி. வெளியே கண்ணுக்குத் தெரிவது, பக்கத்துக்கு நான்காகக் கம்பிகள் பிரிந்து, ஹெட்டை ஒட்டி ஓடும் உலோகக் குழாய்க்குள் நுழைந்து, ஒவ்வொரு பிளக்குக்கும் நேராக வெளியே வருவது மட்டுமே. எட்டையும் தனித்தனியே தொங்கவிட்டால்தான் தவறு. 1 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் நான்கு துளைகள் போட்டால் போதும்.

#14 – மூன்றுசன்னல்

போட்டேன். ஏழு கம்பிகள் ஒழுங்காக வெளியே வந்து பிளக்கில் உட்கார்ந்தன. எட்டாவது, அதாவது இடது பின் பிளக்குக்குப் போக வேண்டியது, சாமணத்திலிருந்து தெறித்து எங்கோ விழுந்துவிட்டது. அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தரையில் தவழ்ந்த பிறகு, வேறு கம்பியை நறுக்கிக்கொண்டேன். ரேடியேட்டரின் இரண்டு மேல்குழாய்களையும் மாட்டியாயிற்று. முன் டயரின் விட்டம் 27 மி.மீ., பின்னது 30 மி.மீ.; கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. கதவில் வெள்ளை எண்ணைத் தூரிகையால் எழுதினேன். கை நடுங்கியதால் கோடு கொஞ்சம் கோணல்தான். ஏரிக்கரையில் அவசரமாக எழுதியதாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பானெட்டை ஒட்டவில்லை. ஏரிமண் ஐயாவுக்காகக் கழற்றி வைத்தும், மெருகெண்ணெய் ஐயாவுக்காக மூடி வைத்தும் தனித்தனியே படம் எடுத்து நாளை இணைக்கிறேன்.